மெடைனா என்ற ஏரிக்கரை ஊர்: ஓசூர்க்காரர்கள் கேட்டார்கள், ஒரு சாக்கடைப் பொறியாளர் பதில் சொல்கிறார்

ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் வேலை பார்க்கிறார்கள். வீடியோ அழைப்பில் "இதுதான் பில் கேட்ஸ் ஊர்" என்று பெற்றோருக்கு அவர்கள் காட்டும் இடம் மெடைனா, வாஷிங்டன் ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள சின்ன ஊர். அந்த ஏரிக்கரைக் கழிவுநீர்க் குழாய்களோடு பல வருடம் மல்லுக்கட்டிவிட்டு இப்போது ஓசூரில் குடியிருக்கிறேன். அதனால் கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன. கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். பங்களா விவரம் குறைவாகவும் குழாய் விவரம் அதிகமாகவும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி, கல்லூரி மாணவர்): ஐயா, மெடைனா எவ்வளவு பெரிய ஊர்? அங்கே என்னதான் இருக்கிறது?

2020 கணக்கெடுப்பின்படி 2,915 பேர். நம் பக்கத்தில் பல ஊராட்சிகளில் இதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். நிலப்பரப்பு சுமார் 3.7 சதுர கிலோமீட்டர், அதாவது 900 ஏக்கருக்குச் சற்று மேல். மத்திகிரி கால்நடைப் பண்ணை 1,600 ஏக்கருக்கு மேல் இருக்கிறது. அதில் பாதியைவிடக் கொஞ்சம் பெரியது இந்த ஊர். ஏரிக்குள் நீண்டு நிற்கும் நிலம். எதிர்க்கரையில் சியாட்டில், முதுகுப் பக்கம் பெல்வியூ நகரம், வடக்கே ஹன்ட்ஸ் பாயின்ட்.

என்ன இருக்கிறது என்று கேட்டால், வீடுகள் இருக்கின்றன. நடுவில் ஒரு பெரிய கோல்ஃப் மைதானம். ஒரு தொடக்கப்பள்ளி, ஒரு தபால் அலுவலகம், ஒரு மளிகைக்கடை, சில பூங்காக்கள். ஓட்டல் கிடையாது, தியேட்டர் கிடையாது, தொழிற்சாலை கிடையாது, கடைத்தெரு கிடையாது. 1955-இல் தனி நகரமாகப் பதிவானது. அரபு நாட்டு மதீனாவின் பெயரை 1890களில் வைத்தார்கள். உச்சரிப்பு மட்டும் மெடைனா. நகராட்சி அலுவலகம் ஏரிக்கரையில் ஒரு பழைய கட்டடத்தில் இருக்கிறது. ஏரியைக் கடக்கப் பாலம் இல்லாத காலத்தில் சியாட்டிலிலிருந்து வரும் பயணிகள் படகு நிற்கும் துறைக் கட்டடம் அது. அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடமும் அதுதான்.

கேள்வி (மத்திகிரி): அண்ணா, என் மகன் சியாட்டில் பக்கத்து ரெட்மண்டில் இருக்கிறான். மெடைனா வழியாகக் கூட்டிப்போனானாம். தெருவில் ஒரு மனிதரைக்கூடப் பார்க்கவில்லை என்கிறான். உண்மையா?

உண்மைதான் அம்மா. எவர்கிரீன் பாயின்ட் சாலையில் காலை எட்டு மணிக்கு நின்றால் நீங்கள் பார்ப்பது ஆளுயரத்துக்கு மேல் கத்தரித்த பச்சை வேலி, இரும்புக் கேட், வீட்டு எண். கூடவே வரிசையாக நிற்கும் தோட்டக்காரர்களின் பிக்கப் வண்டிகள். அவற்றிலிருந்து இறங்குபவர்கள் பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள். அந்த ஊரில் காலையில் மனிதக் குரல் கேட்டால் அது அவர்களுடையது. வீடுகள் ஏரியைப் பார்த்துக் கட்டப்பட்டவை. தெருவுக்குத் தெரிவது வீட்டின் முதுகு. நம் ஊரில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுத் தெருவைப் பார்த்துத்தான் வீடு கட்டுவோம். அங்கே தண்ணீர்தான் வாசல்.

உங்களுக்குக் காய்கறி, கோயில் கவலை வேண்டாம். இந்திய மளிகைக்கடைகள் பெல்வியூவிலும் ரெட்மண்டிலும் இருக்கின்றன. பாத்தல் என்ற ஊரில் பெரிய இந்துக் கோயில் இருக்கிறது. மெடைனாவில் கருவேப்பிலை கிடைக்காது, அவ்வளவுதான்.

கேள்வி (பாகலூர், ரோஜா சாகுபடி செய்பவர்): அந்த நிலம் முன்னால் என்னவாக இருந்தது? எப்போதுமே பணக்காரர்கள் இடம்தானா?

இல்லை. முதலில் காடு, மரத்தை வெட்டி முடித்தபின் பழத்தோட்டமும் பெர்ரி சாகுபடியும். சியாட்டில் செல்வந்தர்கள் கோடைக்கு வந்து தங்க ஏரிக்கரையில் வீடு கட்டினார்கள். உள்ளே தள்ளி இருந்த நிலத்தில் விவசாயம் நடந்தது. அந்தப் பக்கத்து மண்ணைப் பண்படுத்தியவர்களில் ஜப்பானியக் குடியேறிகள் முக்கியமானவர்கள். பக்கத்திலிருக்கும் பெல்வியூவில் 1925-இலிருந்து ஸ்ட்ராபெர்ரித் திருவிழாவே நடந்தது. 1942-இல் போர்க்கால ஆணையின்படி ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். திருவிழாவும் அந்த ஆண்டோடு நின்றது. திரும்பி வந்தவர்களில் பலருக்கு நிலம் மிஞ்சவில்லை.

1940-இல் ஏரியின் மேல் முதல் மிதவைப் பாலம் வந்தது. 1963-இல் மெடைனாவுக்குள்ளேயே வந்து இறங்கும் இரண்டாவது பாலம். 1986-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ரெட்மண்டில் வளாகம் அமைத்தது. விலை ஏறிய கதை அவ்வளவுதான். பாலம் வந்தால் நிலத்துக்கு என்ன ஆகும் என்பது அத்திப்பள்ளி எல்லையைத் தினம் கடக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியதும், இங்கே சூசூவாடிப் பக்கம் மனை விற்கும் பலகைகளில் எழுத்து எவ்வளவு பெரிதானது என்று பார்த்தீர்கள் அல்லவா?

கேள்வி (ஓசூர், கட்டட ஒப்பந்ததாரர்): இவ்வளவு விலையுள்ள இடத்தில் ஏன் சார் அடுக்குமாடி கட்டவில்லை?

கட்டவிடவில்லை. ஊரின் பெரும்பகுதி தனிவீட்டு மண்டலம். மண்டலத்தைப் பொறுத்து ஒரு மனை குறைந்தது 16,000, 20,000 அல்லது 30,000 சதுர அடி இருக்க வேண்டும். சிறிய மனையையே எடுத்துக்கொண்டால்கூட, ஓசூரில் நாம் விற்கும் 30க்கு 40 மனைகள் பதின்மூன்று அதில் அடங்கும். மரம் வெட்டவும் அனுமதி வாங்க வேண்டும். வெட்டினால் ஈடாக நட வேண்டும்.

2023-இல் வாஷிங்டன் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சியாட்டிலை ஒட்டிய சிறு நகரங்களிலும் ஒரு மனையில் குறைந்தது இரண்டு வீடுகளுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றது. ஏரிக்கரை ஊர்கள் முகம் சுளித்தன. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆசிரியரும் நர்ஸும் தோட்டக்காரரும் வேலை பார்க்க மட்டும் வந்து, இரவு தூங்க ஒரு மணி நேரம் பயணம் செய்யும் ஊரை நல்ல ஊர் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி (பர்கூர்): பில் கேட்ஸ் வீட்டுக்குள் போயிருக்கிறீர்களா?

இல்லை. 66,000 சதுர அடி, கட்டி முடிக்க ஏழு வருடம், பாதி வீடு மண்மேட்டுக்குள் புதைந்த மாதிரி இருக்கும். தண்ணீரிலிருந்து பார்த்தால் நீங்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிதாகத் தெரியாது. அமேசானின் ஜெஃப் பெசோஸும் அந்த ஊரில் 1990களின் கடைசியில் வீடு வாங்கியவர்தான். 2023 நவம்பரில் மயாமிக்குக் குடிபோவதாக அறிவித்தார். பங்கு விற்ற லாபத்துக்கு 2022 முதல் மாநிலம் போட்ட 7 சதவீத வரிதான் காரணம் என்று ஊர் பேசியது. பெற்றோர் அருகில் இருக்கவும், புளோரிடாவில் நடக்கும் ராக்கெட் வேலைக்காகவும் போவதாக அவர் சொன்னார். எது உண்மையோ, வீட்டுக்காரர் போனாலும் வேலியை மட்டும் வாரம் தவறாமல் கத்தரிக்கிறார்கள்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): ஏரித் தண்ணீர் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கிறதாமே? நம் கே.ஆர்.பி. அணையில் ஒரு வருடம் நிரம்புகிறது, ஒரு வருடம் தரை தெரிகிறது.

அது தானாக நிற்கவில்லை. 1916-இல் ஏரியிலிருந்து கடலுக்குக் கப்பல் கால்வாய் வெட்டினார்கள். ஏரி மட்டம் சுமார் 9 அடி இறங்கியது. புதிதாக வெளிப்பட்ட கரைதான் இன்று பல பங்களாக்களின் புல்வெளி. ஏரியின் தெற்கு முனையிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்த பிளாக் ஆறு அந்த வருடமே வற்றிப்போனது. அதன் கரையில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழ்ந்த டுவாமிஷ் மக்கள் ஆறில்லாமல் நின்றார்கள். மெடைனா வீட்டு விளம்பரங்களில் "கரையோர நீளம் இத்தனை அடி" என்று போடுவார்கள். ஆற்றைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

இப்போது கால்வாயின் கடல்முனையில் இருக்கும் பல்லார்டு மதகுகளில் ராணுவப் பொறியாளர் பிரிவு மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வித்தியாசம் இரண்டே அடி. நம் கே.ஆர்.பி. அணை பாசனத்துக்காகக் கட்டியது. தண்ணீரை நிறுத்தி அழகு பார்ப்பதற்கு அல்ல, வயலுக்குத் திறந்துவிடுவதற்கு. ஆகவே தரை தெரிவதைக் குறையாகச் சொல்லாதீர்கள்.

கேள்வி (ஓசூர், இல்லத்தரசி): சார், அங்கே ஏரித் தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது என்று மகள் படம் அனுப்புகிறாள். பணக்கார ஊர் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இல்லை அம்மா. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அதே ஏரி நாறியது. "நாற்ற ஏரி" என்று பத்திரிகைகளே கேலி செய்தன. அப்போதும் கரையில் பணக்காரர்கள்தான் இருந்தார்கள்.

நடந்தது இதுதான். பாலம் வந்ததும் ஏரியைச் சுற்றிப் புறநகர்கள் முளைத்தன. ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக ஒரு சிறு சுத்திகரிப்பு நிலையம் கட்டி, கழிவுநீரை ஏரியில் விட்டது. மொத்தம் பதினொரு நிலையங்கள். நாளொன்றுக்குச் சுமார் 7.5 கோடி லிட்டர். "சுத்திகரித்துத்தானே விடுகிறோம்" என்று எல்லோரும் சொன்னார்கள். சுத்திகரித்த நீரிலும் பாஸ்பரஸ் இருக்கும். பயிருக்கு உரம் எப்படியோ, பாசிக்குப் பாஸ்பரஸ் அப்படி. 1955-இல் எட்மண்ட்சன் என்ற பல்கலைக்கழக விலங்கியல் அறிஞரின் குழு ஏரியில் ஒரு வகை நீலப்பச்சைப் பாசியைக் கண்டது. ஐரோப்பிய ஏரிகள் கெடுவதற்கு முன் தலைகாட்டிய அதே இனம். இது அடையாளம், அடுத்து வருவது இன்னும் மோசம் என்று அவர் சொன்னார்.

தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க ஒரு எளிய கருவி இருக்கிறது: செக்கி தட்டு. நம் சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய, 20 செ.மீ. விட்டமுள்ள வெள்ளைத் தட்டு. நடுவில் கயிறு கட்டியிருக்கும். கயிற்றில் அளவுக் குறிகள். படகின் நிழல் பக்கமாகக் குனிந்து மெல்ல இறக்குவோம். தட்டு பச்சையாகும், மங்கும், ஒரு கணத்தில் காணாமல் போகும். அந்த இடத்தில் கயிற்றைப் பிடித்து அளவு படிப்போம். பிறகு மெல்ல மேலே இழுத்து எங்கே மறுபடி தெரிகிறது என்று பார்த்துச் சராசரி எடுப்போம். 1960களின் நடுவில் வாஷிங்டன் ஏரியில் கோடையில் அந்தத் தட்டு ஒரு மீட்டர்கூட இறங்கவில்லை, அதற்குள் மறைந்துவிட்டது.

தீர்வு ஒரு வழக்கறிஞரின் விடாப்பிடியில் வந்தது. ஜிம் எல்லிஸ் என்பவர், ஏரியைச் சுற்றிய எல்லா ஊர்களுக்கும் சேர்த்து "மெட்ரோ" என்ற பொது அமைப்பு வேண்டும் என்று பிரசாரம் செய்தார். 1958 மார்ச்சில் வாக்கெடுப்பு. சியாட்டில் ஆமாம் என்றது, புறநகர்கள் வேண்டாம் என்று தோற்கடித்தன. போக்குவரத்து, திட்டமிடல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கழிவுநீர் மட்டும் என்று சுருக்கி அதே ஆண்டு செப்டம்பரில் மறுபடி கேட்டார்கள். வென்றது. 1963 முதல் 1968 வரை ஒவ்வொரு நிலையமாக மூடி, கழிவுநீரைப் பெருங்குழாய்களில் திருப்பினார்கள். செலவை உள்ளூர்க்காரர்கள் கழிவுநீர்க் கட்டணமாகக் கட்டினார்கள்.

ஏரி எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேறியது. அதன் நீர் முழுவதும் இரண்டரை வருடத்துக்குள் புதிதாகிவிடும் என்பது அதிர்ஷ்டம். 1970களின் பிற்பகுதியில் தட்டு ஆறு மீட்டருக்கும் கீழே தெரிந்தது. பாசியைத் தின்னும் டாஃப்னியா என்ற கண்ணுக்கு எட்டியும் எட்டாத நீர்ப்பூச்சி பெருகியதும் ஒரு காரணம்.

இதில் மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. கழிவுநீர் மாயமாகவில்லை, பியூஜெட் சவுண்ட் என்ற கடல்கழிக்குப் போனது. வெஸ்ட் பாயின்ட் நிலையம் 1966-இல் தொடங்கியபோது முதல்நிலைச் சுத்திகரிப்பு, அதாவது திடக்கழிவைப் படியவைத்து எடுப்பது மட்டுமே. இரண்டாம் நிலை வர 1995 ஆனது. 2017 பிப்ரவரியில் அந்த நிலையமே வெள்ளத்தில் மூழ்கி, மாதக்கணக்கில் அரைகுறையாகச் சுத்தமான கழிவுநீர் கடலுக்குப் போனது. ஏரிக்கரைக்காரரின் கண்ணாடித் தண்ணீருக்கு எங்கோ ஒருவர் விலை கொடுக்கிறார்.

இன்னொரு தொழில் ரகசியம்: மெடைனாவின் கரையோர வீடுகள் சாலையைவிடத் தாழ்வானவை. கழிவுநீர் மேட்டில் ஏறாது. ஆகவே கரையை ஒட்டி ஏரிக்குள்ளேயே குழாய் பதித்து, அதில் சரிவாக ஓடவிட்டு, பம்ப் நிலையத்தில் ஏற்றி அனுப்புகிறோம். பல கோடி ரூபாய் காட்சிக்குக் கீழே, தண்ணீருக்குள், எல்லோருடைய கழிவறைக் குழாயும் ஒன்றாகச் செல்கிறது. அடைத்துக்கொண்டால் படகில் போகிறோம். குழாய்களுக்கு வயதாகிவிட்டது, மாற்றுவது பெரிய வேலை, பெரிய செலவு. அதைப் பற்றி எந்த வீட்டுத் தரகரும் பேச மாட்டார்.

கேள்வி (ஓசூர், தேன்கனிக்கோட்டை சாலை): அப்படியானால் நம் ராமநாயக்கன் ஏரியையும் கெலவரப்பள்ளி அணையையும் ஏன் அப்படி மாற்ற முடியவில்லை?

இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். வாஷிங்டன் ஏரி 88 சதுர கிலோமீட்டர், அதிக ஆழம் 65 மீட்டர். பனிப்பாறை தோண்டிய இயற்கைப் பள்ளம். ராமநாயக்கன் ஏரி மனிதர் கரை கட்டித் தேக்கிய ஆழமில்லாத ஏரி. கோடையில் சுருங்குவது அதன் சுபாவம். அதைச் சுற்றி நடைபாதையும் விளக்கும் போடுவதற்கு முன், அதற்குள் வருகிற ஒவ்வொரு கால்வாயிலும் மழை இல்லாத நாளில் என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். மார்ச் மாதத்தில் ஓடினால் அது மழைநீர் அல்ல. ஓசூருக்குள் நாமே நம் ஏரிக்கு அனுப்புவதற்கு எந்த மாநிலத்தின் மீதும் பழி போட முடியாது.

கெலவரப்பள்ளி வேறு கதை. தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து வருகிறது. வழியில் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரிநீர் அதில் கலக்கிறது. கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அணையில் மதகு திறந்ததும் தண்ணீர் விழுந்து அடிபட்டு, அதிலுள்ள சோப்புச் சத்தும் மற்றவையும் மலைமலையாக நுரைக்கின்றன. நுரை சாலையை மூடும் படத்தைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். பனி பெய்த மாதிரி இருக்கிறது என்று படம் எடுக்கப் போகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். அதை ஒட்டிய வயலில் அந்தத் தண்ணீர்தான் பாய்கிறது.

சியாட்டில் வட்டாரத்தில் மேலே இருந்தவரும் கீழே இருந்தவரும் ஒரே மாவட்டம், ஒரே வாக்கெடுப்பு. நமக்கு நடுவில் மாநில எல்லை இருக்கிறது. பெங்களூரு குளிக்கிற தண்ணீருக்கு ஓசூரில் வாக்குச்சீட்டு கிடையாது. சியாட்டிலின் அந்த மெட்ரோ போல ஒரு பொது அமைப்பு, இரண்டு மாநிலமும் சேர்ந்து அளக்கும் நிலையங்கள், அளவைத் தினம் வெளியிடும் கட்டாயம் இல்லாமல் கெலவரப்பள்ளியின் நுரை அடங்காது. ஓசூர் எவ்வளவு பணக்கார ஊரானாலும் அடங்காது. 1958-க்கு முன் மெடைனாவால் தனியாக முடியவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஊத்தங்கரை): உலகப் பணக்காரர்கள் இருக்கும் ஊரின் நகராட்சி பணமில்லாமல் தவித்ததாகப் படித்தேன். நம்பலாமா?

நம்பலாம். வாஷிங்டன் மாநிலத்தில் சொத்து வரி வசூலை, புதுக் கட்டுமானம் தவிர, வருடத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது. உயர்த்த வேண்டுமானால் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். சம்பளமும் விலைவாசியும் ஒரு சதவீதத்தில் நிற்குமா? வீட்டு விலை பத்து மடங்கு ஏறினாலும் நகராட்சிக்கு வருவது அதே அளவுதான். கட்டும் வரியிலும் பெரும்பங்கு பள்ளிகளுக்கும் மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் போய்விடும். கடைத்தெரு இல்லாததால் விற்பனை வரியும் சொற்பம். 2019-இல் பற்றாக்குறை வந்து, வரியை உயர்த்த வாக்கெடுப்பு வைத்து, மயிரிழையில் ஜெயித்தார்கள். தீயணைப்பு, குடிநீர், கழிவுநீர் எல்லாம் பெல்வியூ நகரத்தின் சேவைதான். வீடு மட்டும் உள்ள ஊருக்கு இதுதான் கதி. நம் ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆனபோது சிப்காட் புகையைக் குறை சொன்னவர்கள், அந்தத் தொழிற்பேட்டை இல்லாவிட்டால் இந்த ஊருக்கு வருமானம் எங்கிருந்து வரும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கேள்வி (தர்மபுரி): ஊருக்குள் நுழையும் ஒவ்வொரு காரையும் படம் எடுக்கிறார்களாமே?

ஆம். ஊர் எல்லையில் "24 மணி நேரக் கண்காணிப்புப் பகுதி" என்று பலகை இருக்கும். 2009 வாக்கில் நுழைவுச் சாலைகளில் கேமராக்கள் வைத்து, வண்டி எண்ணைப் படித்துத் திருட்டு வண்டிப் பட்டியலோடு ஒப்பிடத் தொடங்கினார்கள். ஊருக்குச் சொந்தக் காவல்துறையும் உண்டு. திருட்டைத் தடுக்கிறது என்பார்கள், இருக்கலாம். பொதுச் சாலையில் போகிறவரின் எண்ணைக் காரணமில்லாமல் குறித்து வைப்பது எனக்குப் பிடிக்காது. கேமரா இல்லாத தெருவில் வளர்ந்தவனின் கருத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி, மாங்கூழ்த் தொழில்): இந்தியாவில் இருந்துகொண்டே அங்கே வீடு வாங்க முடியுமா?

சட்டம் தடுக்கவில்லை, குடியுரிமை இல்லாதவரும் வாங்கலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் வெளியே அனுப்பலாம். மெடைனாவில் வீடுகள் பல மில்லியன் டாலர். குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை வருடம் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். வீடு வாங்கினால் விசா கிடைக்கும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி (ஓசூர், ஐ.டி. ஊழியர்): அண்ணா, ஓசூர் பக்கம் "ஏரிக்காட்சி வில்லா" என்று ஒரு மனை பார்த்திருக்கிறேன். முன்பணம் கொடுக்கலாமா?

தம்பி, கொடுக்காதே, முதலில் இவற்றைப் பார். நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அரசு வரைபடமான புலப்படத்தை எடுத்து, உன் சர்வே எண்ணுக்குள்ளோ ஒட்டியோ வாய்க்கால் கோடு ஓடுகிறதா என்று பார். தரையில் வாய்க்கால் தெரியாமல் மண் கொட்டியிருக்கலாம். படத்தில் இருந்தால் அது இருக்கிறது. கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் பக்கத்து எண்கள் ஏரி, ஓடை, நீர்நிலைப் புறம்போக்கு என்று இருந்தால் எல்லையை நில அளவரை வைத்து அளந்து கல் நடச் சொல். 2007-இன் ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தில் ஆக்கிரமிப்பை அகற்றும்போது, "நான் பணம் கொடுத்து வாங்கினேன்" என்ற வாதம் நிற்காது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கு ரேரா (வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம், எண்ணைக் கேள்.

அடுத்து நேரில் போ. ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் வழியும், உபரிநீர் வெளியேறும் கோடி எங்கே என்று அங்குள்ள பெரியவர் ஒருவரைக் கேள். விற்பவர் காட்டும் திசையிலேயே நிற்காதே, கரையைச் சுற்றி நட. மனை அந்த உபரிநீர்க் கோடிக்குக் கீழே இருந்தால் விலை பாதியானாலும் வேண்டாம். கடைசியாக, வில்லாக்களின் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேள். "செப்டிக் டேங்க் சார், பிரச்சினை இல்லை" என்று பதில் வந்தால், பத்து வருடத்தில் நீ பணம் கொடுத்து வாங்கிய காட்சி என்னவாகும் என்று உனக்கே தெரியும். சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்றால், அது ஓடுகிறதா என்று மின் கட்டண ரசீதைக் காட்டச் சொல். ஓடாத நிலையத்துக்கு மின்கட்டணம் வராது.

கேள்வி (சூளகிரி): ஜூலையில் மகள் வீட்டுக்குப் போகிறோம். நாங்கள் மெடைனாவுக்குள் போகலாமா? எதைப் பார்ப்பது?

தாராளமாகப் போகலாம், சாலைகள் பொதுவானவை. கோடையில் மழை குறைவு. ஜூலையில் இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பரில் போனால் மாலை நான்கரைக்குள் இருட்டிவிடும், தூறலும் நிற்காது. படகுத்துறைக் கட்டடத்தை ஒட்டிய ஏரிக்கரைப் பூங்காவில் உட்காருங்கள். தண்ணீரில் கால் நனைக்கலாம். பெரிய வீடுகளைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், ஏரியில் சுற்றுலாப் படகு இருக்கிறது; ஒலிபெருக்கியில் யார் வீடு என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

நான் சொல்வது பாலம். 2016-இல் திறந்த, 520-ஆம் எண் நெடுஞ்சாலையின் புதிய மிதவைப் பாலம் சுமார் 2,350 மீட்டர். உலகின் மிக நீளமான மிதவைப் பாலம். அடியில் தூண் இல்லை, காங்கிரீட் மிதவைகள் நங்கூரத்தில் நிற்கின்றன. மெடைனாவில் நெடுஞ்சாலைக்கு மேலேயே மூடி போட்டுப் பூங்கா அமைத்திருக்கிறார்கள். பஸ் நிறுத்தமும் அங்கேயே. அங்கே இறங்கி பாலத்தின் நடைபாதையில் பாதி தூரம் போய்த் திரும்புங்கள். காற்று பலமாக அடிக்கும், ஜூலையானாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கார்களுக்குத்தான் சுங்கக் கட்டணம், நடப்பவருக்கு இல்லை.